வக்கீல் விசாரித்த வைப்பர்

காரை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்கிற ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் கடலூர் 'வக்கீல்'தான். சட்டம் படித்தவர் இல்லை. பழைய டவுனில் தகரக் கொட்டகை போட்டு வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர். ஒரு பஸ் விபத்து வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனவர், சொல்லி முடித்ததும் வீட்டுக்கு வராமல், சாயங்காலம் வரை சம்பந்தமே இல்லாத வழக்குகளையெல்லாம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாராம். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. எப்போதும் கறுப்புச் சட்டைதான். எண்ணெய்க் கறை தெரியாது என்று காரணம் சொல்வார். நாங்கள் யாரும் நம்பியதில்லை.

அவரிடம் போய் "ஹாரன் ரிப்பேர்" என்று சொல்லிவிடக் கூடாது. கோபம் வந்துவிடும்.

"அத நான் சொல்லணும் சார். நேத்து சாயங்காலம் வண்டி எங்க இருந்துச்சு?"

"வீட்டு வாசல்ல."

"பாத்தவங்க யாரு?"

செம்மங்குப்பம் பக்கம் ஒரு கம்பெனி மேனேஜருடைய காரில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் அடித்தது. அவசரம் என்று மேனேஜர் கத்தியிருக்கிறார். "விசாரண நடக்கற எடத்துல சத்தம் போடக் கூடாது. வாய்தா. அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார் வக்கீல். அந்த வாரம் முழுக்க அந்த மனிதர் வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஆபீஸ் போய்வந்ததாகக் கேள்வி. கடைசியில் குற்றவாளி யாரென்றால், காரில் பாட்டுப் பெட்டி மாட்டிக் கொடுத்த மேனேஜரின் மச்சான். வக்கீல் மச்சானையே வரவழைத்து, நாலு பேர் முன்னால் அவர் தப்பாக முறுக்கிய ஒயரை எடுத்துக் காட்டினார். மச்சான் அதற்கப்புறம் அக்கா வீட்டுப் பக்கமே தலைகாட்டுவதில்லை.

தேவனாம்பட்டினத்து மீன் வேன் ஒன்றில் ஹெட்லைட் எரியவில்லை. எலி கடித்திருந்தது. ஒயரை ஒட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? மாட்டார். எலி உள்ளே இழுத்துப்போன பிஸ்கட் உறையைத் தேடி எடுத்து, "இதத் தின்னு போட்டது யாரு?" என்று டிரைவரை அரை மணி நேரம் நிற்கவைத்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மாமனாரின் தலைவிதி போய்ச் சேர்ந்தது.

மாமனார் சிதம்பரம் கீழ வீதிக்காரர். தேரே தாராளமாகத் திரும்புகிற வீதி. அதில் ஒரு மழைக்காலையில் காரைப் பின்னால் எடுத்து, நின்றுகொண்டிருந்த பால்காரரின் பைக்கில் இடித்துவிட்டார். பால்காரர் தப்பித்தார். பால் தப்பவில்லை. விஷயம் கடலூருக்கு வந்ததும் என் மனைவி என்னையும் இழுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

"அப்பா, ஒங்களுக்குக் கண்ணு சரியில்ல. சாவியக் குடுத்துடுங்க."

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பின்னாடி வைப்பர் ஓடல. கண்ணாடி பூரா தண்ணி. நான் என்னா பண்ணுவேன்?"

"அது ஏன் ஓடல? நீங்க எதாச்சும் பண்ணியிருப்பீங்க."

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாமனார் காரைக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைப்பார். ஒருமுறை பக்தி ஜாஸ்தியாகி, கதவின் சாவித் துவாரத்தையே சந்தனத்தால் அடைத்துவிட்டார். "இன்னொரு தடவ ஒங்க சந்தனத்தால வண்டி கெட்டுச்சுன்னா வித்துடுவேன்" என்று அப்போதே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். இருபது வருஷமாக எனக்குத் தெரியும்.

இப்போது தீர்ப்பு எழுதினாள். வைப்பர் தானாகக் கெட்டிருந்தால் சாவி அப்பாவுக்கு. அவர் கெடுத்திருந்தால் கார் விற்பனைக்கு. மாமனார் வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார். அத்தை போன பிறகு அந்த வீட்டில் அவர் சொன்ன பேச்சைக் கேட்பது அந்தக் கார் ஒன்றுதான்.

நான் காரை ஓட்ட, மூன்று பேரும் கடலூர் வந்து வக்கீல் கொட்டகையில் ஆஜரானோம். அவர் கேட்ட கேள்விகளில் கண் சண்டையும் காரை விற்கும் தீர்ப்பும் வெளியே வந்துவிட்டன.

முதலில் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். உள்ளே கம்பி அறுந்திருந்தது. "குற்றவாளி கெடைச்சாச்சு!" என்றேன் உற்சாகமாக.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "செத்துக் கெடக்கறவன் எப்படி சார் கொலகாரனாவான்?"

பிறகு ஃபியூஸை என் மனைவியிடம் நீட்டி, "என்ன நம்பர் போட்டிருக்குது, படிங்கம்மா" என்றார். அவள் அதைக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், கைப்பையில் மூக்குக் கண்ணாடியைத் துழாவ ஆரம்பித்தாள். பின்னாலிருந்து மாமனார் எட்டிப் பார்த்து, "பதினஞ்சு" என்றார்.

"கண்ணப் பத்தின விசாரண முடிஞ்சுது" என்றார் வக்கீல். என் மனைவி மூக்குக் கண்ணாடியைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டாள்.

புது ஃபியூஸ் போட்டு சுவிட்சைத் தட்டினார். பின்கதவுக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். வைப்பர் அசையவில்லை. அந்த ஃபியூஸும் போயிற்று. அடுத்தது ஒயர். கூரைக்கும் பின்கதவுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகிற ஒயர், கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி முறிந்துபோவது உண்டாம். இன்னொரு ஃபியூஸைப் போட்டு, மோட்டாருக்குள் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த முனையில் டெஸ்ட் லாம்ப்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "ஒயருக்கு விடுதல."

இந்தச் சமயத்தில் மனைவிக்கு அவள் தம்பியிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனாள்.

வக்கீல் மோட்டாரை வெளியே எடுத்து நேராக பேட்டரியில் கொடுத்தார். அதே முனகல். "இவன் பாவம், தள்ளித்தான் பாக்கறான். யாரோ புடிச்சுக்கிட்டு வுடமாட்டேங்கறாங்க." திறந்தார். பல்சக்கரம் நன்றாக இருந்தது. வைப்பர் கையைத் தாங்கி வெளியே நீளும் தண்டுதான் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், மரச் சுத்தியால் தட்டினார். கடைசியில் தண்டு வெளியே வந்தது. அதைச் சுற்றிலும் மஞ்சளாகக் கெட்டிப்பட்ட ஒரு பொருக்கு. ஓரத்தில் சிவப்பு. சூட்டில் கொட்டகையே கோயில் மாதிரி மணத்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. காரின் பின்பக்கம், கண்ணாடிக்குக் கீழே, நட்டநடுவில் வட்டமாக அந்தத் தண்டின் மூடி. பக்தி உள்ளவர் கண்ணுக்கு அது நெற்றி. வாராவாரம் பொட்டு, வாராவாரம் தண்ணீர். கரைந்து கரைந்து உள்ளே இறங்கியிருக்கிறது.

மாமனாருக்கும் புரிந்துவிட்டது. முகம் செத்துப் போயிற்று. ரோட்டில் போன் பேசும் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வக்கீல் தண்டைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். பிறகு உப்புத்தாளை எடுத்துச் சரசரவென்று தேய்க்க ஆரம்பித்தார். உதிர்ந்த பொடியை உள்ளங்கையில் திரட்டிக் கறுப்புச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி திரும்பி வந்தபோது தண்டு வெள்ளிக் குச்சியாக இருந்தது.

"என்னாங்க, என்ன காரணம்?"

"உப்புக் காத்தும்மா. தண்டு துரு ஏறிடுச்சு. கடலோர வண்டில இது சகஜம்."

"வண்டி சிதம்பரத்துல நிக்குது. கீழ வீதியில ஏது கடலு?"

வாழ்க்கையில் முதல்முறையாக வக்கீல் குறுக்கு விசாரணையில் மாட்டினார். "ஐயா... பரங்கிப்பேட்டக் கடற்கரப் பக்கம் போறதுண்டுங்களா?"

"வாராவாரம் போறேன்!" என்றார் மாமனார், கேள்வி முடிவதற்குள். "அங்க என் சிநேகிதன் இருக்கான்ல?"

சிநேகிதன் துபாயில் மகன் வீட்டில் இருக்கிறார். எனக்குத் தெரியும். நான் கூரையைப் பார்த்தேன்.

தண்டுக்குப் புது ரப்பர் வளையம், கிரீஸ். மோட்டாரை மாட்டி, ஒருமுறை ஓடவிட்டு, அது நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பிறகே வைப்பர் கையைப் பூட்டினார். மனைவி ஒரு மக்கு தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினாள். வைப்பர் அழகாக வழித்துப் போட்டது. அவள் வண்டியிலிருந்து சாவியை உருவி அப்பாவிடம் கொடுத்தாள். மாமனார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கதவைத் திறக்கும்போது வக்கீல் குனிந்து, "ஐயா, இனிமே பொட்ட நம்பர் பிளேட்டுல வைங்க" என்று கிசுகிசுத்தார்.

அப்பாவும் மகளும் கிளம்பிப் போனார்கள். நான் தங்கிவிட்டேன்.

"மேனேஜர் மச்சான் மானத்த நாலு பேர் முன்னாடி வாங்கினீங்க. இவர மட்டும் வுட்டுட்டீங்களே?"

வக்கீல் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எங்கப்பாவோட மொபெட்டு சாவிய நான்தான் சார் புடுங்குனேன். நல்லதுக்குத்தான். வயசாயிடுச்சுன்னு. அதுக்கப்புறம் அவரு வாசலத் தாண்டவே இல்ல. அந்தக் கேச எவன்கிட்ட சார் நடத்தறது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கிரீஸும் சந்தனமுமாக ஒட்டியது. இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.