ஹிட் சொல்லாத சம்பந்தி

யச்சியோ நகர், சிபா
மார்ச் ஒன்பது

பெருமதிப்பிற்குரிய மச்சான் தெராஷிமா ஹிதெகி அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை யாசுகோவின் கணவன் உகாய் மசாதொஷி தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது.

இங்கே பிளம் பூத்து உதிர்ந்துவிட்டது. தேவதாரு மகரந்தம் கிளம்பிவிட்டதால் தெருவில் எல்லோரும் தும்மிக்கொண்டே வணக்கம் சொல்கிறோம். அகிதாவில் நீங்கள் இன்னும் கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். இடுப்பு எப்படி இருக்கிறது? அனுப்பிய புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் வந்து சேர்ந்தது. பாதியைச் சாப்பிட்டோம், மீதியைச் சாப்பிட மனசு வரவில்லை. பருவகாலத்தைப் பற்றி நாலு வரியாவது எழுதாமல் கெட்ட செய்தியைத் தொடுவது மரியாதையில்லை என்பதால் இன்னும் ஒரு வரி: நேற்று இங்கே காற்று.

கெட்ட செய்தி என்னவென்றால், நீங்கள் நடுவில் நின்று பேசி முடித்த நம் பெண் சிகுசாவின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. அதற்குக் காரணம் உங்கள் மருமகளும் அல்ல, மாப்பிள்ளைப் பையன் தைச்சியும் அல்ல. நான். உங்கள் பள்ளித் தோழர் கனாமோரி, அதாவது தைச்சியின் அப்பா, பல் வைத்தியத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்று சொன்னீர்கள். முப்பது வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல் காட்டுக்குள் போய் பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கியால் சண்டை போடுகிறவர் என்று ஏன் மச்சான் சொல்லவில்லை? சம்பந்திகள் முதல் சந்திப்பை ஒரு நல்ல உணவகத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று நான் போனில் கேட்டேன். "ஹோட்டல்ல உட்கார்ந்தா எல்லாரும் நல்லவங்கதான் உகாய்சான். ஞாயித்துக்கிழமை இன்சாய் மூங்கில் காட்டுக்கு வாங்க. ஒரு மனுஷன் எப்படின்னு அங்க அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும்" என்றார். விஷயம் இதுதான்: அந்தக் குண்டு பட்டால் சாயம் ஒட்டாது, தழும்பு இருக்காது, பார்த்துச் சொல்ல நடுவரும் கிடையாது. பட்டவனே கையைத் தூக்கி "ஹிட்!" என்று கத்திவிட்டு வெளியே போய்விட வேண்டும். பட்டும் படாததுபோல் நடக்கிறவனுக்கு அங்கே ஜாம்பி என்று பெயர், செத்தும் உலாத்துகிறவன் என்று அர்த்தமாம். கொலைகாரனோடுகூட அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் போலிருக்கிறது, ஜாம்பியோடு மாட்டார்கள். எனக்கு உள்ளூர சந்தோஷம். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவன், ஒற்றைக் கையுறையைக்கூட உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவன், எனக்கா நேர்மைப் பரீட்சை என்று இருந்தேன்.

துப்பாக்கி வாங்கப் போனேன். கடையில் மியாகே என்று பெயர் அட்டை குத்தியிருந்த பெண் ஓடிவந்தாள்.

"சாருக்கு முதல் தடவைங்களா?"

"ஏன், பார்த்தா அப்படியா தெரியுது?"

"இல்ல சார், தலைகீழா புடிச்சிருக்கீங்க."

நல்ல பெண்தான், பொறுமையாகத்தான் சொன்னாள். "புதுசா ஆடுறவங்களுக்கு பேட்டரித் துப்பாக்கிதான் சார் சரி. சார்ஜ் போட்டா வெயிலோ குளிரோ அது பாட்டுக்குச் சுடும். இந்தாங்க, இது ஒவ்வொரு தடவையும் கையால இழுத்துச் சுடுற சின்னத் துப்பாக்கி. விலை கம்மி, கெட்டே போகாது, சும்மா சுட்டுப் பழகலாம். அது கேஸ் துப்பாக்கி. உதைக்கும், சத்தம் போடும், பார்க்க அம்சமா இருக்கும். ஆனா குளிர்ல தூங்கிடும். அதோட மல்லுக்கட்டத் தெரிஞ்ச பழைய ஆளுங்கதான் அதை வாங்குவாங்க." பழைய ஆட்கள் என்ற சொல் என் காதில் விழுந்ததுதான் தாமதம், அதையே கட்டச் சொன்னேன். சம்பந்தி முன்னால் கற்றுக்குட்டியாகப் போய் நிற்பதா? "சார், இது பிப்ரவரி" என்றாள். "தெரியும்மா" என்றேன். கடைசியில் அவள் கையைப் பிசைந்துகொண்டு, "சரி சார், கண்ணாடியாவது நல்லதா வாங்கிக்குங்க, கண்ணு ரெண்டுதான் இருக்கு" என்றாள். அந்த ஒன்றில் மட்டும் அவள் பேச்சைக் கேட்டேன்.

வீட்டில் ஒத்திகை பார்த்ததை விரிவாக எழுதினால் யாசுகோ கோபிப்பாள். ஹீட்டர் போட்ட அறையில் அந்தத் துப்பாக்கி சிங்கம் மச்சான். காகிதக் கதவில் பதினோரு ஓட்டை. சோற்றுக்குக்கர் மூடியில் பட்ட குண்டு தெறித்து மிசோ சூப்பில் விழுந்து, அதை நான் சோயாப் பருப்பென்று கடித்து, பல் ஆடியது. சம்பந்தி பல் வைத்தியர் என்பதில் ஒரு கணம் ஆறுதல்கூட வந்தது. யாசுகோ பனிச்சறுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சமைத்தாள். "ஏங்க, ஒருத்தி அடுப்படியில நிக்கிறது தெரியலையா? நாளைக்கு அவங்க வீட்டுல சம்பந்தியம்மா எங்கன்னு கேட்டா சுட்டுட்டேன்னு சொல்லுவீங்களா?" என்று சத்தம் போட்டதால் கொல்லைப்புறம் போய்ப் பழகினேன். மூன்றாம் நாள் தெருச் சுற்றறிக்கைப் பலகை வந்தது. குப்பை எடுக்கும் நாள் மாற்றத்துக்குக் கீழே, "நம் தெருவில் துப்பாக்கியுடன் வயதான ஆசாமி ஒருவர் நடமாட்டம், சற்றுக் குனிந்து நடப்பார், வீட்டைப் பூட்டிக்கொள்ளவும்" என்று போட்டிருந்தது. என்ன செய்ய? படித்தேன் என்பதற்கு என் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுத்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "பயமா இருக்குல்ல உகாய்சான்?" என்றாள். "ஆமாங்க, காலம் கெட்டுப்போச்சு" என்றேன்.

அந்த ஞாயிறு காலை வாளித் தண்ணீர் உறைந்துகிடந்தது. கிழவன் காட்டில் விறைத்துவிடுவான் என்று உங்கள் தங்கை எனக்கு இரண்டு கம்பளி உள்ளாடை, வயிற்றுப்பட்டை, ஒட்டுகிற சூட்டுப் பொட்டலம் முன்னால் எட்டு பின்னால் எட்டு, அதற்கு மேல் அவளே பஞ்சு வைத்துத் தைத்த ஹன்தென் மேலங்கி, அதற்கு மேல் தைச்சியிடம் இரவல் வாங்கிய பச்சைப் புள்ளிச் சீருடை என்று மாட்டிவிட்டாள். என்னால் கையை உடம்போடு ஒட்ட வைக்க முடியவில்லை. அந்த நிலையில் கனாமோரிசான் முன் குனிந்து வணங்கியவன் நிமிர முடியாமல் நின்றேன். இவ்வளவு நேரம் வணங்குகிறாரே என்று அவரும் மறுபடி குனிந்தார், அதைப் பார்த்து நானும் நிமிராமல் இருக்க, தைச்சி வந்துதான் இருவரையும் தூக்கிவிட்டான். காலையில் சட்டம் அனுமதித்த வேகத்தை எந்தத் துப்பாக்கியாவது மீறுகிறதா என்று அளப்பார்கள். என் முறை வந்தது. துப்பாக்கி "உஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு விட்டது. குண்டு உருண்டு என் ஷூ மேல் விழுந்தது. அளக்கிறவன் கருவிதான் கெட்டுவிட்டதென்று அதைத் தட்டிப் பார்த்தான். கனாமோரிசான் கையில் என்ன இருந்தது தெரியுமா மச்சான்? கையால் இழுத்துச் சுடுகிற அந்தச் சின்னத் துப்பாக்கி, பிடியில் மருத்துவ பிளாஸ்திரி சுற்றியது. முப்பது வருஷமாக அதேதானாம். "இது போதுங்க எனக்கு. கிட்டப் போகத் தெரிஞ்சா இது போதும்" என்றார். எனக்கு அங்கேயே முகம் செத்துவிட்டது.

என்னை மஞ்சள் அணியிலும் அவரைச் சிவப்பு அணியிலும் போட்டார்கள். வலைக்கு அந்தப் பக்கம் யாசுகோவும் சிகுசாவும் சூடான தேநீரோடு நின்றார்கள். ஊதல் கேட்டதும் எங்கள் ஆட்கள் பாய்ந்து ஓடினார்கள். எனக்கு முழங்கால் மடங்காது, அதனால் நடந்தேன். சுடலாமென்று அழுத்தினால் துப்பாக்கி பெருமூச்சு விட்டது. ஒரு மூங்கில் புதருக்குப் பின்னால் கனாமோரிசான் தெரிந்தார், கையை ஆட்டினார். மரியாதைக்கு நானும் ஆட்டினேன். அவர் இன்னும் பலமாக ஆட்டினார், நான் குனிந்தே வணங்கினேன். இப்போது யோசித்தால், "சுட்டாச்சு, வெளிய போங்க" என்று அர்த்தம் போலிருக்கிறது. சுற்றிலும் டப் டப் என்று ஏதோ சத்தம். ஆலங்கட்டி மழை என்று நினைத்தேன். ஹன்தெனில் பட்ட எதுவும் எனக்கு உறைக்கவில்லை. ஆட்கள் என் முன்னால் எழுந்து நின்று, வாயைத் திறந்தபடி வழி விட்டார்கள். முதல்முறை வந்த பெரியவருக்கு என்ன மரியாதை என்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் எதிரிக் கொடி. பக்கத்தில் ஒரு ஹாரன், அதை அமுக்குகிற அணிக்கே வெற்றி. அமுக்கினேன். ஜெயித்துவிட்டோம்.

ஒருவரும் கை தட்டவில்லை. மதியம் எல்லோருக்கும் கறிச்சோறு. என் மேஜையில் ஆறு நாற்காலி, நான் ஒருவன். பின் மேஜையில் ஒருவன், "ஜாம்பின்னா இதுதான்டா ஜாம்பி, தேங்க்ஸ் சொல்லிட்டே போறான்" என்றான். கனாமோரிசான் மட்டும் வந்து, "உகாய்சானுக்கு அலுப்பா இருக்கும்" என்றார். அவ்வளவுதான். வீட்டில் குளியலறையில் உடுப்பைக் கழற்றக் கழற்ற வெள்ளைக் குண்டுகள் உதிர்ந்தன. சூட்டுப் பொட்டலங்களின் ஓரத்தில் ஒட்டியிருந்தவை, மடிப்பில் கிடந்தவை, வயிற்றுப்பட்டைக்குள் எப்படியோ புகுந்த ஒன்று. நாற்பத்தொன்று. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

மறுவாரம் கனாமோரிசானிடமிருந்து இனிப்புப் பெட்டி வந்தது, மிக உயர்ந்த ரகம். கூடவே கடிதம்: "சம்பந்த விஷயத்தை நல்லவிதமாகப் பரிசீலித்துவருகிறோம்." நீங்களும் அலுவலகத்தில் குப்பை கொட்டியவர். நல்லவிதமாகப் பரிசீலிக்கிறோம் என்றால் முடியாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பெட்டியைக் கொண்டுவந்த கூரியர்காரனுக்கும் தெரிந்திருக்கும். சிகுசா அந்த ஞாயிறிலிருந்தே மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை. "சாப்பாடு" என்றால் "ம்", "குளிக்கத் தண்ணி" என்றால் "ம்". அவள் அறைக்குள்ளேயே சாப்பிடுகிறாள்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து கனாமோரிசானிடம் பேசி, உகாய் பஞ்சுக்குள் இருந்தான், அவனுக்கு ஒன்றுமே உறைக்கவில்லை, வேண்டுமென்று செய்யவில்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். சாட்சிக்கு நாற்பத்தொரு குண்டுகளையும் ஒரு சூட்டுப் பொட்டலத்தையும் ஹன்தெனிலிருந்து வெட்டிய ஒரு துண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். யாசுகோவுக்கு வெட்டியது தெரியாது. இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூரையில் ஏறாதீர்கள், அண்ணிக்கு எங்கள் வணக்கம். தங்கள் இல்லத்தில் எல்லோரும் சளி தும்மலின்றி வசந்தத்தைக் காண வேண்டுமென்று வேண்டும்,

தங்கள் அடியேன்
உகாய் மசாதொஷி

பி.கு.: இதையெல்லாம் யாசுகோவுக்கு வாசித்துக் காட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டவள், "எல்லாம் சரிங்க. அன்னிக்குக் காது ஏன் செவந்து வீங்கியிருந்துச்சு? நான் தச்ச ஹன்தெனுக்குக் காது இல்லையே?" என்றாள். மச்சான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கனாமோரிசானின் முதல் குண்டு என் வலது காதில் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஹிட்" என்று சொல்ல வாயைத் திறந்தேன், கையும் பாதி தூக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிகுசா, "அப்பா! இன்னும் இருக்கீங்களா! அப்பா சூப்பர்!" என்று கத்தினாள். அவள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் குடைகள் அதிகம் தொலையும். என் பெண் என்னைப் பார்த்து அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எனக்கு இனித்தது மச்சான். வாயை மூடிக்கொண்டு, தூக்கிய கையை ஆட்டிவிட்டு நடந்துவிட்டேன்.

ஆகவே மேலே எழுதிய எதையும் கனாமோரிசானிடம் சொல்ல வேண்டாம், குண்டுகளையும் காட்ட வேண்டாம். நாளைக் காலை முதல் ரயிலில் காஷிவா போய் அவர் வாசலில் நின்று கையைத் தூக்கி நானே "ஹிட்" சொல்லப்போகிறேன். மூன்று வாரம் கழித்துச் சொன்னால் செல்லுமா என்று தெரியவில்லை. இதை யாசுகோவிடம் சொல்லி முடித்துத் திரும்பினால் கதவருகே சிகுசா நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "காதுல பட்டதை நான் அன்னிக்கே பார்த்தேம்பா. நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்" என்றாள். பிறகு, எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு, இரண்டு பேரும் போகிறோம்.