அப்பா வண்டிச் சத்தம்

“தூக்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர், கை வலிக்குது.”

மெக்கானிக் செயினைப் பிடித்துக்கொண்டு நின்றார். செயினின் மறுமுனை காரின் இன்ஜினைக் கவ்விக்கொண்டிருந்தது. பல் டாக்டர் மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

“ஒரு நிமிஷம் இருங்க.”

“இதையேதான் போன வாரமும் சொன்னீங்க.”

கிளினிக்கில் டாக்டர் இப்படிப்பட்டவர் இல்லை. வலிக்குமா என்று வந்தவர் கேட்டு முடிப்பதற்குள் பல் தட்டில் கிடக்கும். யோசிக்க ஆரம்பித்தால் பிடுங்கவே முடியாது என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்ட மனிதர் ஓர் இன்ஜினுக்கு முன்னால் நின்று வாரக்கணக்கில் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஷெட்டில் இரண்டு கார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சாம்பல் நிறம். இடப்பக்கம் நின்றது அப்பா வண்டி. அதன் இன்ஜின் இன்னும் கல்லு மாதிரி இருந்தது, மற்றதெல்லாம் துரு. சீட்டில் உட்கார்ந்து குனிந்தால் கீழே ஷெட்டின் தரை தெரியும். ரோட்டில் இறக்கினால் இன்ஜின் மட்டும் முன்னால் போகும், டாக்டர் பின்னால் தங்கிவிடுவார் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். வலப்பக்கம் நின்றது, உதிரிபாகம் தேடி அலைந்தபோது கிடைத்த வண்டி. அதற்கு உடம்பில் ஒரு கீறல் கிடையாது. இன்ஜின்தான் ஜாம் ஆகி, அசைவேனா என்று உட்கார்ந்திருந்தது.

“ரெண்டு பிணத்துக்குக் கூரை இருக்கு, ஓடற என் ஸ்கூட்டர் மழையில நனையுது” என்று டாக்டரின் மனைவி ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டாள். “ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்குங்க. இல்லாட்டி ரெண்டையும் எடைக்குப் போடுங்க.”

அப்பா வண்டி இன்ஜினை எடுத்து அடுத்ததில் வைத்தால் தீர்ந்தது. மெக்கானிக்குக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. டாக்டருக்கு இருந்தது. அவர் கவலையெல்லாம் ஒரு சத்தத்தைப் பற்றி.

டாக்டரும் தங்கையும் இதே வீட்டில் வளர்ந்த காலத்தில் அப்பா என்றால் முதலில் சத்தம்தான். சாயங்காலம் அது தெருமுனையில் கேட்கும். கேட்ட மறுநொடி வீடே தலைகீழாகும். ரேடியோ வாயை மூடும். சீட்டுக்கட்டு தலையணைக்கு அடியில் போகும். சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் தங்கை குதித்து ஓடி வந்து, கையில் கிடைத்த புத்தகத்தை விரித்துக்கொள்வாள். பாதி நாள் அது அண்ணனுடைய புத்தகமாக இருக்கும். அம்மாகூடப் படித்துக்கொண்டிருந்த தொடர்கதையை அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டு, ஏற்கெனவே பளபளவென்று இருக்கும் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பிப்பாள். அப்பா கேட்டைத் திறந்து உள்ளே வரும்போது வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். குனிந்த இரண்டு தலைகளையும் அவர் ஒரு பார்வை பார்ப்பார். “ம்” என்பார். கைகால் கழுவப் போய்விடுவார்.

பிள்ளைகளிடம் அவர் பேச்சு பெரும்பாலும் அந்த ‘ம்’தான். முன்கோபி என்று பேர் எடுத்தவர். அப்படியும் அண்ணனும் தங்கையும் ஒரு நாள்கூட அவரிடம் மாட்டிக்கொண்டதில்லை. தலை நரைத்தும் அந்தப் பெருமையை இருவரும் விடவில்லை. “அப்பாவுக்கே தண்ணி காட்டினவங்கண்ணா நாம” என்று தங்கை போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பாவும் அம்மாவும் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்பாவின் முகம் போட்டோவில் இருந்தது. குரல் எவ்வளவு முயன்றும் ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்தச் சத்தம் மட்டும் டாக்டரின் காதிலேயே தங்கிவிட்டது. சாயங்காலம் தெருவில் ஏதாவது வண்டி திரும்பினால் இன்றைக்கும் அவர் முதுகு தானாக நிமிரும். பிறகு யாரோ எவரோ என்று தெரிந்து, மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு தரம் அது தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வருவதைக் கேட்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஷெட்டில் நிற்கிற அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்தால் எல்லா வண்டியையும் போலத்தான் உறுமியது. ஓடி வரும்போதுதான் அந்தச் சத்தம் வரும் என்று டாக்டர் நம்பினார். ஆனால் ஓட அதற்கு உடம்பு இல்லை. சரி, இன்ஜினை மாற்றி, சத்தம் உடம்பிலே இருந்து, உடம்பு எடைக்குப் போய்விட்டால்?

“அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னுதான் செஞ்சு காட்டுங்களேன்” என்றார் மெக்கானிக், செயினைக் கை மாற்றிக்கொண்டு.

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. உதட்டைக் குவித்து, “டுர்ர்ர்ர்ர்” என்றார்.

“இன்ஜினேதான். சந்தேகமே வேணாம்.”

கை வலிக்கிறவர் சொல்லும் யோசனையைக் கேட்கக் கூடாது என்று டாக்டருக்குத் தோன்றவில்லை. “தூக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்ஜின் புது உடம்பில் அழகாகப் பொருந்தியது. மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். டாக்டர் கேட்டில் நின்று, தெருமுனைப் பக்கம் காதைத் திருப்பி, கண்ணை மூடிக் காத்திருந்தார். வெகுநேரம் ஆயிற்று.

“எங்க போயிட்டார் இவர்?”

“உங்க பக்கத்துலதான் நிக்கறேன் டாக்டர்” என்றது ஒரு குரல். கார் வந்து நின்றுவிட்டிருந்தது. மெக்கானிக் முகத்தில் பெருமை தாங்கவில்லை. “தையல் மெஷின் கெட்டுது போங்க! வந்ததே தெரியலை பாருங்க.”

“வந்தது தெரியணுமே!” என்றார் டாக்டர். அழாத குறை.

அப்போது பிடித்தது சனி. சத்தம் சைலன்சரில் இருக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். அப்பா வண்டியின் ஓட்டைச் சைலன்சர் இடம் மாறியது. இப்போது சத்தம் வந்தது. தெருவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும் எழுந்து வந்தன. எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவு சத்தத்திலும் அப்பா சத்தம் இல்லை.

டாக்டர் கிளினிக்கிலிருந்தே தங்கைக்குப் போன் போட்டார்.

“டுர்ர்ரா? யார் சொன்னா?” என்று பாய்ந்தாள் அவள். “ஙொய்ய்ய்ங்னு ஏறும்ணா. ஏறி, கேட் கிட்ட வந்து பொசுக்குனு அடங்கும்.”

“எனக்குத் தெரியாதா? ஜன்னல்கிட்ட உட்கார்ந்தது நான். டுர்ர்ர்ர்ர்!”

“சுவர்மேல உட்கார்ந்தது நான். ஙொய்ய்ய்ய்ய்ங்!”

நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். வெளியே காத்திருந்தவர்கள் உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

ஙொய்ங் என்றால் ஃபேன் பெல்ட் என்றார் மெக்கானிக். அதுவும் மாறியது. பிறகு கதவுகள். கதவு ஆடினால் சத்தம் வரும் என்று டாக்டரே கண்டுபிடித்தார். பிறகு அப்பா வண்டியின் ஸ்பிரிங் போன சீட்டுகள். பிறகு தேய்ந்த டயர். ஒவ்வொன்றும் மாறியபின் ஒரு சுற்று. சுற்றி வந்தபின் ஒரு பெருமூச்சு. கீறல் இல்லாமல் வந்த வண்டி இப்போது இருமிக்கொண்டும் நொண்டிக்கொண்டும் தெருவில் போயிற்று.

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். “ஒரு வண்டி நல்லா இருந்துச்சு. அதுக்கும் வியாதியை ஒட்ட வெச்சிட்டீங்க.”

“எல்லாத்தையும் பழையபடியே மாத்திடலாமா?” என்றார் டாக்டர், மெக்கானிக்கைப் பார்த்து.

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “டாக்டர், பிடுங்கின பல்லைத் திரும்ப வெச்சிருக்கீங்களா?”

“வெக்கலாம். உடனே கொண்டுவந்தா ஒட்டிக்கும்.”

“இது உடனேயா?”

டாக்டர் ஷெட்டுக்குள் போய், கதவும் சீட்டும் இல்லாமல் நிற்கிற அப்பா வண்டியைப் பார்த்தார். இன்ஜின் இருந்த இடத்தில் பெரிய பள்ளம். சத்தத்தைத் தேட ஆரம்பித்து, அப்பாவையே கூறு போட்டுவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் எடைக்கடைக்காரர் லாரியோடு வருவதாக இருந்தது. மிச்சமிருப்பது இந்தக் கூடு ஒன்றுதான். சத்தம் இதில்தான் இருக்கிறது என்றால் நாளையோடு அது போய்விடும்.

கணவரின் முகத்தைப் பார்த்ததும் மனைவிக்குக் கோபம் இறங்கிவிட்டது. பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள இருந்து கேட்டவங்க. வண்டிக்குள்ள இருந்து கேட்டவர் ஒருத்தர் இருக்காரே, அவரைக் கூப்பிடுங்களேன்.”

டாக்டருக்குச் சுருக்கென்று உறைத்தது. டைப்பிஸ்ட் மாமா! அப்பாவோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர். தினமும் அப்பா வண்டியில் வந்து, இந்தக் கேட்டில் இறங்கி, அடுத்த தெருவிலிருக்கும் தன் வீட்டுக்கு நடந்து போவார். இன்னும் அதே வீட்டில்தான் இருந்தார்.

மறுநாள் லாரி வருவதற்கு முன்பே மாமா வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை, காதில் கருவி. காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். முன் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் எங்கே குத்தும் என்று தெரிந்தவர் போல இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டார்.

“சீட்டு அதேதாம்ப்பா” என்றார்.

“இன்ஜினும் அதேதான் மாமா. கதவும் அதேதான். சத்தம் மட்டும் வரமாட்டேங்குது. நீங்க கேட்டுச் சொல்லணும், எதுல இருக்குன்னு.”

“கேக்கறேன், கேக்கறேன். எடு வண்டியை.”

கேட்டில் மனைவி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் தங்கை வேலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். மெக்கானிக் பக்கத்தில் கைகட்டி நின்றார். டாக்டர் பெரிய ரோடு வரை போய்த் திரும்பினார். தெருமுனை வந்தது. பாடம் படித்த மாதிரி பதவிசாகத் திருப்பி, அதே வேகத்தில் வீட்டை நோக்கி வந்து கேட்டில் நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“அண்ணா, ஏதோ வண்டி வந்து நின்னுச்சே, அப்பா வண்டி எப்ப வரும்?” என்று கேட்டது போன்.

டாக்டர் ஸ்டியரிங்கை விடவில்லை. மூக்குக்கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

“அவ்வளவுதான் மாமா. லாரி வந்து அந்தக் கூட்டையும் தூக்கிட்டுப் போகட்டும்” என்றார். “அப்பா எங்ககிட்ட உட்கார்ந்து பேசினதே இல்ல. எனக்குன்னு அவரோட மிச்சம் இருந்தது அந்தச் சத்தம் ஒண்ணுதான். அதையும் நானே கழட்டிப் போட்டுட்டேன்.”

மாமா காதுக் கருவியைத் திருகிச் சரி செய்துகொண்டார். “இரு, இரு. நீ எந்தச் சத்தத்தைச் சொல்றே?”

டாக்டர் வெட்கத்தை விட்டு “டுர்ர்ர்ர்ர்” என்றார். போனுக்குள்ளிருந்து தங்கை “ஙொய்ய்ய்ய்ங்” என்றாள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒலித்தபோது, மெக்கானிக் சட்டென்று நிமிர்ந்து கியர்க் கம்பியைப் பார்த்தார்.

மாமா குடையைத் தொடையில் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார்.

“அட, அதுவா! தெருமுனை வந்ததும் உங்கப்பா வேணும்னே முதல் கியருக்கு இறக்கி வண்டியைக் கதற விடுவார்ப்பா. ‘சத்தமில்லாம போய் நின்னா ரெண்டும் மாட்டிக்கும், அப்புறம் நான் திட்ட வேண்டியிருக்கும்’னு சொல்லிக்கிட்டே ஓட்டுவார்.”