செந்தமிழனின் உயரம்

தீவின் மின்னி பே பகுதியில், சிவஞானத்தின் வீட்டுக் கூடத்தில் அன்று சம்பந்தம் பேசக் கூடியிருந்தவர்கள்: சிவஞானம், அவர் மனைவி இந்திராணி, பெண்ணின் தகப்பனார் நல்லதம்பி, தாயார் ரெங்கம்மா. மாப்பிள்ளையாகப் பார்த்திருந்த சிவஞானத்தின் மகன் செந்தமிழன் சென்னையில் வேலையில் இருந்தான். மேஜைமேல் சாய்த்து வைத்த போனில் அவன் முகம் மட்டும் தெரிந்தது.

தீவுத் தமிழர்களின் வரன் இணையதளத்துக்கு நிரல் எழுதியவனும் அவன்தான்.

"சைட்ல தம்பி உயரம் அஞ்சு அடின்னு போட்டிருக்கே?" என்றார் நல்லதம்பி.

சிவஞானத்தின் முதுகு நிமிர்ந்தது. "டேய், என்னடா இது?"

"அஞ்சு புள்ளி ஒம்பது அடின்னுதாம்ப்பா குடுத்தேன். முழு எண்ணா மாத்தும்போது புள்ளிக்குப் பின்னாடி இருக்கறத வெட்டிடுச்சு."

"நம்ம வம்சத்து உயரத்த வெட்ட அது யாருடா? சரி பண்ணு!"

செந்தமிழன் தட்டினான். நல்லதம்பி தம் போனைப் பார்த்தார்.

"அரே, இப்ப ஆறு! உக்காந்த எடத்துலயே வளர்றாரா?"

"கிட்டத்து முழு எண்ணுக்கு மாத்தினேன் மாமா."

"பொய்க் கணக்கு நமக்கு வேண்டாம். கூட்டாம கொறைக்காம போடு," என்றார் சிவஞானம்.

"அப்ப சென்டிமீட்டர்ல போட்டுடறேன்."

நல்லதம்பி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "மைனஸ் எழுபத்தேழு."



"ஐயோ, வயசுக்கு வெச்சிருந்த 'பைட்'ங்கற சின்ன எண் டப்பாவுலயே போட்டுட்டேன்ப்பா. அதுல நூத்தி இருபத்தேழுக்கு மேல கொள்ளாது. நூத்தி எழுபத்தொம்பது உள்ள போனதும் மைனசுக்குப் புரண்டுடுச்சு."

"பாதாளத்துலயா மாப்பிள்ளை நிக்கிறாரு?" நல்லதம்பி சிரித்துவிட்டார்.

"எங்க குடும்பத்துல மைனஸ் கிடையாது!" சிவஞானம் எழுந்தார். "இந்திரா, அவன் பேன்ட்டக் கொண்டா!"

இந்திராணி பீரோவிலிருந்து கொண்டுவந்தாள். சிவஞானம் அதைத் தம் இடுப்பில் வைத்துப் பிடித்தார். கால்பகுதி தரையில் புரண்டது.

"நான் அஞ்சரை அடி. எங்கிட்டயே எவ்வளவு மிச்சம் பாருங்க. இனிமே சந்தேகம் உண்டா?"

"இல்லீங்க." அதுவரை வாய் திறக்காத ரெங்கம்மா எழுந்து புடவையைச் சரிசெய்தாள். "அஞ்சுன்னு பாத்துதான் ஆசையா வந்தோம். எம் பொண்ணு நாலே முக்கால் அடி. ஒசந்த மாப்பிள்ளையே வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

மாப்பிள்ளை குட்டை என்பதால் சம்பந்தம் தவறியதாகப் பக்கத்து ஷாதிபூரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு.