பாதித் தாடியோடு பத்து மணி

என் தாய்மாமா முகச்சவரம் செய்யும்போது மட்டும்தான் தத்துவம் பேசுவார். "ஆம்பளைக்கு வீட்டுல அவன் இஷ்டப்படி வச்சுக்கிற ஒரே இடம் அவன் மூஞ்சிதான்டா. அதுலயும்..." என்பார். அதற்குள் பிளேடு மேலுதட்டுக்கு வந்துவிடும். வாயை உள்ளே மடித்துக்கொள்வார். மிச்சம் வராது. எத்தனையோ காலைகளில் கேட்டிருக்கிறேன். எல்லாக் காலையிலும் அதே இடத்தில்தான் உதடு குறுக்கிட்டது. ஆக, நான் பாதி வாக்கியத்தோடு வளர்ந்தவன். அந்தப் பாதியை நம்பித்தான் வம்பில் மாட்டினேன்.

பதினேழு வருஷம் வெளிநாட்டில் ஓர் அமிலத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். எனக்குக் கீழே நாற்பது பேர். ஒரு தடவை விசில் ஊதினால் நாற்பது பேரும் நிற்பார்கள். இன்னொரு தடவை ஊதினால் நடப்பார்கள். ஆனால் அவர்களுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு சட்டம் இருந்தது. முகத்தில் முடி கூடாது. வாயுக் கவசம் கன்னத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் நாலு முடி நின்றால் அந்தச் சந்தில் வாயு புகுந்து நலம் விசாரித்துவிடும். தினமும் காலையில் கேட்டில் பாதுகாப்பு அதிகாரி ஒரு பஞ்சு உருண்டையால் எங்கள் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். ஓர் இழை ஒட்டினாலும் திரும்பிப் போய்ச் சவரம் செய்துகொண்டு வர வேண்டும். வீட்டுக்குப் போன் பேசும்போதெல்லாம் இந்தப் பஞ்சைப் பற்றிப் புலம்புவேன். பதினேழு வருஷத்தில் என் முகத்தைத் தொட்ட ஒரே ஜீவன் அந்தப் பஞ்சுதான்.

ஊர் திரும்பிய அன்று, பெட்டியைக்கூடத் திறக்காமல், ஹாலின் நடுவில் நின்று சபதம் செய்தேன்.

"இனிமே இந்த மூஞ்சியில பிளேடு படாது."

"சரி," என்றாள் மனைவி. "கால்ல தண்ணியாவது படட்டும். கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

என் மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. நாலு வயதுப் பிள்ளைகள் இருபத்தாறு பேர். விசில் கிடையாது. குரலை உயர்த்தியும் நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது பள்ளிக்கூடக் கதை சொன்னாள்.

"இன்னைக்கு ஒருத்தி கேரட்டைத் தொடவே மாட்டேன்னா. 'ரொம்ப நல்லது, இது டீச்சருங்களுக்கு மட்டும்தான், யாரும் தொடாதீங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பி நின்னேன். அஞ்சு நிமிஷத்துல எல்லார் டப்பாவும் காலி."

"பாவம், விவரம் தெரியாத பிள்ளைங்க," என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

தாடி வளர ஆரம்பித்தது. முதல் வாரம் அரிப்பு. இரண்டாம் வாரம் நரை. கன்னத்தில் கறுப்பு, தாடையில் வெள்ளை, நடுவில் ஒன்றுமே முளைக்காத ஒரு மைதானம். மூன்றாம் வாரம் மனைவி தொடங்கினாள்.

"ஏங்க, கண்ணாடி பார்த்தீங்களா?"

"பார்த்தேனே."

"அதுவும் உங்களைப் பார்த்துச்சா?"

"தாடின்னா முதல்ல அப்படித்தான் இருக்கும். போகப்போக அடர்த்தி ஆகும்."

"போகப்போக நான் எங்க போறது? தொடப்பத்தைத் தலைகீழா நட்டு வச்ச மாதிரி இருக்கு. எடுத்துடுங்க."

எடுத்துடுங்க என்ற சொல் காதில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. பதினேழு வருஷமாகக் கேட்டில் கேட்ட அதே சொல். அங்கே ஒரு மொழியில் கேட்டேன், கீழ்ப்படிந்தேன். இங்கே வேறு மொழி, என் மொழி. இங்கேயும் கீழ்ப்படிந்தால் நான் எதற்குத் திரும்பி வந்தேன்?

மறுநாள் தாடிக்கு எண்ணெய் வாங்கினேன். அவள், "நாத்தம் தாங்கலை" என்றாள். மரச்சீப்பு வாங்கினேன். "வார்றதுக்கு முதல்ல முடி வேணும்" என்றாள். ஆறு அளவுச் சீப்புகளோடு ஒரு டிரிம்மரே வாங்கினேன். கல்லூரியில் படிக்கும் மகள், "அப்பா, நான் வீடியோ கால் பேசும்போது பின்னாடி நடக்காதீங்க. யாரு அந்தத் தாத்தான்னு கேக்குறாங்க" என்றாள். நான் பின்வாங்கவில்லை. குளியலறை அலமாரியில் அதுவரை எனக்கு ஒரு பல் துலக்கும் பிரஷ் வைக்கும் இடம்தான் இருந்தது. இப்போது ஒரு தட்டு முழுக்க என் சாமான். அந்த வீட்டில் நான் போரிட்டுப் பிடித்த முதல் நிலம் அது.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஒருவர்தான் ஆதரவு.

"கம்பீரமா இருக்கு சார். நான்கூட வளர்த்தேன். அரிக்குது, எடுத்துடுங்கன்னு வீட்ல சொல்லிட்டாங்க."

"யாருக்கு அரிச்சுது?"

"அதைச் சொல்லலை சார்."

இப்படி வெளியே வீரம். உள்ளே வேறு விஷயம் இருந்தது. அந்த வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று இரண்டு மாதம் ஆகியும் எனக்குப் பிடிபடவில்லை. ஃபேன் போடப் போய் வாசல் விளக்கைப் போடுவேன். அம்மாவும் மகளும் ஒரு வார்த்தையைச் சொல்லிச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "அது ஒரு பழைய கதைப்பா" என்பாள் மகள். பாத்திரம் எடுக்கப் போனால், "நீங்க உட்காருங்க" என்பார்கள். உட்காருவேன். நான் இல்லாமல் ஓடப் பழகிய வீடு. அதன்மேல் குற்றமில்லை; பழக்கிவிட்டுப் போனவனே நான்தான். சில மத்தியானங்களில் அலமாரியைத் திறந்து பழைய விசிலை எடுத்துத் துடைத்து வைப்பேன். ஊதியதில்லை. ஊதினால் யார் நிற்பார்கள்?

அப்படிப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமை பழைய தொழிற்சாலையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. புதிய பிரிவு திறக்கிறார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம். அறுபது பேர். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் பேச வேண்டும். கடைசி வரி: கவசம் பொருந்தும் முகத்தோடு வரவும்.

அறுபது பேர் என்ற இடத்தை நாலு தடவை படித்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. முடிவானதும் சொல்லிக்கொள்ளலாம். ஒரே சிக்கல் தாடி. இரண்டு மாதம் குருசேத்திரம் நடத்திக் காப்பாற்றிய தாடியைத் திடீரென்று எடுத்தால் ஏன் என்று கேட்பாளே. புதன்கிழமை முழுவதும் யோசித்தேன். வியாழக்கிழமை குளிக்கும்போது விடை கிடைத்தது. அவள்தானே எடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்? சரணடைந்துவிட வேண்டியதுதான். அவளுக்கு வெற்றி, எனக்கு வழவழப்பான முகம். டாக்டரிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டார்.

"இந்த மூளையை வச்சுக்கிட்டு ஏன் சார் அமிலத்துல இருந்தீங்க?"

அன்று மாலை மனைவி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு போய் நின்றேன்.

"யோசிச்சுப் பார்த்தேன். நீ சொல்றது சரிதான். நாளைக்குக் காலையில தாடியை எடுத்துடறேன். உனக்காக."

கத்தி நின்றது.

"எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

"வேணாங்க. இருக்கட்டும்."

நான் எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன், இதற்கு மட்டும் இல்லை.

"நேத்துக்கூடத் தொடப்பம்னு சொன்னியே."

"தொடப்பம் இல்லாத வீடு உண்டா? ஒரு மூலையில இருந்துட்டுப் போகுது."

"இல்ல, இல்ல. உன் மனசு கஷ்டப்படக் கூடாது."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பீன்ஸைப் பார்த்தாள்.

"சரி. அப்படின்னா நானே எடுத்து விடறேன். இத்தனை நாள் விட்டுட்டு நீங்களா பண்ணா வெட்டிக்குவீங்க. நாளைக்கு லீவு சொல்லிடறேன்."

அவள் ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போய்விடுவாள் என்பதுதான் என் திட்டத்தின் அஸ்திவாரம். அது அங்கேயே ஆட்டம் கண்டது. இருந்தாலும் ஒன்பதுக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்கு முடியும். பத்துக்கு நான் அறைக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். பின்பக்க பால்கனியில் ஸ்டூல் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி, வெந்நீரும் கண்ணாடியும் கொண்டுவந்து வைத்தாள். முதலில் டிரிம்மரால் இடது கன்னத்தை ஒட்டக் குறைத்தாள். பிறகு நுரை. பிறகு பிளேடு. பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லித்தருகிற கை. என் தாடையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அப்படி யாராவது என் முகத்தைத் திருப்பி எத்தனை நாளாயிற்று. கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்குப் பத்து மணியே மறந்துவிட்டது.

"ஒரு பக்கம் முடிஞ்சுது," என்றாள். பிளேடை அலசித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்த பக்கம்?"

"இருங்க. கை வலிக்குது."

"கொடு, நான் பண்ணிக்கிறேன்."

"என்ன அவசரம்? எங்கயாவது போறீங்களா?"

"நான் எங்க போறேன்."

"யாராவது வர்றாங்களா?"

"யாரும் இல்லையே."

"அப்ப மெதுவா பண்ணலாம். மத்தியானம் சாப்பிட்டுட்டுகூடப் பண்ணலாம்."

"மத்தியானமா?"

"இல்லைன்னா நாளைக்கு. நாளைக்கும் எனக்கு லீவுதானே."

"பாதித் தாடியோட ஒரு நாள் முழுக்க எப்படி இருக்கிறது?"

"யாரு பார்க்கப் போறா? நீங்க எங்கயும் போகலை, யாரும் வரலை."

கதவு வழியே உள்ளே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பார்க்காத மாதிரிதான் பார்த்தேன். ஒன்பது நாற்பத்தொன்று.

"கடிகாரத்துல என்ன?"

"ஓடுதான்னு பார்த்தேன்."

"நல்லாவே ஓடுது. எத்தனை மணிக்கு?"

"என்ன எத்தனை மணிக்கு?"

 துண்டுக்கு அடியிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை எடுத்தாள். காதோரம் தொடங்கித் தாடை வரை, நிதானமாக, என் இடது கன்னத்தில் தடவினாள். பஞ்சைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓர் இழைகூட ஒட்டவில்லை.

"பாஸ் ஆயிட்டீங்க," என்றாள். "எத்தனை மணிக்கு?"

"பத்து," என்றேன்.

ஒரு காக்காய் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே பறந்துபோனது.

"யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதான். நேத்து."

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"'உனக்காக'ன்னு சொன்னீங்களே. வந்த மூணாவது வாரமே விசிலை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சுட்டீங்க. என்னைக்காவது ஒருநாள் அங்கேருந்து கூப்பிடுவாங்கன்னு தெரியும். கூப்பிட்டா நீங்க சொல்ல மாட்டீங்கன்னும் தெரியும். ஆனா தாடியோட போக முடியாதே. நீங்களா வந்து எடுக்கிறேன்னு என்னைக்கு நிக்கிறீங்களோ, அன்னைக்குக் கூப்பிட்டாச்சுன்னு அர்த்தம்."

"அப்ப ரெண்டு மாசமா எடு எடுன்னு திட்டினது?"

"திட்டலைன்னா பத்தே நாள்ல அரிக்குதுன்னு நீங்களே எடுத்திருப்பீங்க. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

"இது..." என்று ஆரம்பித்தேன்.

"கேரட்," என்றாள். "அதுங்களுக்காவது அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க. உங்களுக்கு அதுகூட ஆகலை."

அறுபது பேரைக் கட்டி மேய்க்கப் போகிறவன் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் குரல் அப்போதும் உயரவில்லை. "போறதுன்னா போங்க. பிடிச்சு வைக்க மாட்டேன். ஆனா பதினேழு வருஷமா 'உங்களுக்காகத்தான்'னு சொல்லிட்டே போனீங்க. இந்தத் தடவையாவது 'எனக்காகப் போறேன்'னு சொல்லிட்டுப் போங்க."

"இங்க எனக்கு என்ன வேலை இருக்கு, சொல்லு. எந்த விளக்கு எங்க எரியும்னுகூடத் தெரியலை."

"ரெண்டு மாசமா தினமும் என்னோட சண்டை போட்டீங்க. அதுக்கு இந்த வீட்டுல வேற ஆளே கிடையாது. நான் பதினேழு வருஷமா யாரோட போட்டேன்?"

துண்டின் நுனியால் காதோரம் காய்ந்திருந்த நுரையைத் துடைத்தேன்.

எழுந்தாள். பிளேடை என் உள்ளங்கையில் வைத்தாள். "ஒன்பது அம்பது. உங்களுக்கு நாலு நிமிஷம் போதும். வெந்நீர் இன்னும் சூடா இருக்கு." வெங்காயத் தட்டு அவளுக்காகச் சமையலறையில் காத்திருந்தது. போனாள்.

கண்ணாடியைப் பார்த்தேன். இடது பக்கம் கேட்டில் நிற்கிறவன். வலது பக்கம் தொடப்பம்.

"ஒண்ணு மட்டும் நிஜமா சொல்லு," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன். "தாடி உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?"

"பிடிக்கும்னு சொன்னா எடுத்துடுவீங்க. பிடிக்காதுன்னா வச்சுக்குவீங்க. நான் எதுக்குங்க சொல்லணும்?"

மாமா 'அதுலயும்...' என்று நிறுத்திய இடத்தில் மாமியின் காலடிச் சத்தம் கேட்கும் என்பது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பத்து மணிக்கு உள்ளே கம்ப்யூட்டர் மணி அடித்தது. பாதித் தாடியோடு, துண்டோடு போய் உட்கார்ந்து, நான் வரவில்லை என்று சொன்னேன்.