ஐயாயிரம் இதயம் பெற்ற சலூன்

ஒரு நகராட்சிக்குக் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று மூன்று கவலைகள் இருந்தால் போதும் என்பது சட்டம். அந்த ஊர் நகராட்சி நான்காவதாக ஒரு கவலையைத் தானாகவே முன்வந்து தலையில் போட்டுக்கொண்டது. அது ஊரின் நினைவுகள். முதல் மூன்றுக்கும் குழி தோண்ட வேண்டும், ஆள் வேண்டும், மழை பெய்தால் மறுபடி தோண்ட வேண்டும். நினைவுக்கு ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் போதும் என்பதை ஆணையர் ஒரே கூட்டத்தில் கண்டுபிடித்தார். மறுநாளே நினைவுப் பிரிவு திறக்கப்பட்டது.

இதற்கெல்லாம் ஆதாரமாக விளங்கியது 'நெஞ்சில் நின்ற நம்ம ஊர்' என்ற இணையக் குழு. ஒன்பதாயிரம் உறுப்பினர்கள். அதில் ஊரில் குடியிருப்பவர்கள் நானூறு பேர் தேறினால் அதிகம். மற்றவர்கள் எல்லோரும் பெரிய நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்த பிறகு ஊர்மேல் அளவுகடந்த பாசம் வைத்தவர்கள். காலையில் ஒருவர் பழைய ரயில்வே கேட்டின் படத்தைப் போடுவார். மத்தியானத்துக்குள் ஆயிரம் பேர் கண்ணீர் விட்டிருப்பார்கள். அந்த கேட்டில் அரைமணி நேரம் நின்று ரயில்வேயின் வம்சத்தையே திட்டாதவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

நினைவுப் பிரிவின் விதி எளிமையானது. குழுவில் ஐயாயிரம் இதயக்குறி வாங்கிய படம் எதுவானாலும் 'மறைந்த இடங்கள் பதிவேட்டில்' ஏற்றப்படும். பிறகு அந்த இடத்தில் ஒரு பளிங்குக் கல் நடப்படும். முதல் வருஷத்திலேயே பதினேழு இடங்கள் ஏறிவிட்டன. ஊருக்குத் தெற்கே ஓடும் ஓடையும் அதில் ஒன்று. 'நாங்கள் மீன் பிடித்து விளையாடிய ஓடை இன்று இல்லை' என்று யாரோ உருகி எழுத, ஓடை பதிவேட்டில் ஏறியது. இல்லாத ஓடையைத் தூர்வார விதியில் இடமில்லை என்று சுகாதாரப் பிரிவு கையை விரித்துவிட்டது. ஓடைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அது பாட்டுக்கு நாறிக்கொண்டு ஓடியது.

இந்த வம்பெல்லாம் நமக்கு எதற்கு என்று இருந்தவர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சலூன் வைத்திருந்தவர். முப்பது வருஷமாக அதே இடம். எதிரெதிரே இரண்டு கண்ணாடி, இரண்டு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் இறக்குவார்.

ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் மடியில் வைத்திருந்த போனைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அண்ணே, நீங்க செத்துட்டீங்களாம்" என்றார்.

"எப்போ?" என்றார் சலூன்காரர், மிஷினை நிறுத்தாமல்.

"தேதி போடலை. ஆனா நிறையப் பேர் அழுதிருக்காங்க."

சலூன்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். அவருடைய கடைதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய படம். கறுத்த மீசையோடு அவர் நிற்கிறார். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே போட்ட பலகையில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து வாயைப் பிளந்து அழுகிறான். கீழே அந்தப் பையனே, இப்போது வெளியூரில் ஒரு கம்பெனியில் மேனேஜராக இருப்பவன், எழுதியிருந்தான்: 'இந்தச் சலூன் இன்று இல்லை. என் தலையை முதன்முதலில் தொட்ட அந்தக் கைகளும் இல்லை. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் இன்னும் காதில் கேட்கிறது.'

அதற்குக் கீழே அஞ்சலிகள். 'தெய்வம் மாதிரி மனிதர்.' 'அவர் கை பட்டால் தலைவலி பறந்துவிடும்.' 'ஒருமுறை என் காதை வெட்டிவிட்டார். அந்தத் தழும்பைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வருகிறது.'

உண்மையைச் சொன்னால் சலூன்காரருக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனார். முப்பது வருஷத்தில் யாரும் அவர் முகத்துக்கு நேரே இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேரே சொன்னதெல்லாம் "சைடுல இன்னும் கொஞ்சம் குறைங்க" என்பதுதான். இருந்தாலும் தகவல் பிழையைத் திருத்துவது முறை என்று நினைத்து, டிரைவரின் போனிலேயே, 'நான் உயிரோடதான் இருக்கேன், கடையும் இருக்கு, ஞாயிறும் உண்டு' என்று எழுதிப் போட்டார்.

பத்து நிமிஷத்தில் குழு நிர்வாகியிடமிருந்து பதில் வந்தது. 'உயிரோடு இருப்பதாகக் கூறி உறுப்பினர்களின் உணர்வுகளைப் புண்படுத்திய காரணத்தால் தங்கள் கருத்து நீக்கப்படுகிறது.' கூடவே டிரைவரையும் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

இதைச் சிரித்து மறந்திருக்கலாம். ஆனால் அந்த மாதம் கடையின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சலூன்காரர் மனுவோடு நகராட்சிக்குப் போனார். கவுண்டரில் இருந்த எழுத்தர் அம்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"உங்க கடை மறைஞ்சிடுச்சுங்களே."

"காலையில திறந்து வெச்சுட்டுத்தாம்மா வர்றேன்."

"நீங்க திறந்தது சரிங்க. பதிவேட்டுல மறைஞ்சிருக்கே. ஐயாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு இதயம். இருக்கிற கடைக்குத்தான் உரிமம். மறைஞ்ச கடைக்குக் கல்."

"எனக்குக் கல் வேண்டாம்மா."

"கல்லுக்கு மனுவே தேவையில்லைங்க, அது தானா வரும். நீங்க முப்பதாம் தேதிக்குள்ள இடத்தைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. கல் நடுற அன்னைக்குக் கடையும் பக்கத்துலயே இருந்தா, பார்க்க வர்றவங்களுக்குக் குழப்பமாயிடும்."

சலூன்காரர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். அதன்பேரில் கள ஆய்வாளர் நேரில் வந்தார். வந்தவர் வெயிலில் களைத்திருந்ததால் முதலில் நாற்காலியில் சாய்ந்து முகச்சவரம் செய்துகொண்டார். கழுத்தை நீவிவிடச் சொன்னார். படிகாரக் கல்லைத் தேய்த்து முடித்ததும் கண்ணாடியில் இரண்டு கன்னத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருப்தியடைந்து, கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

"படத்துல சுவர் நீலம். இங்க பச்சை. படத்துல மர நாற்காலி. இங்க சுத்துற நாற்காலி. படத்துல இருக்கறவருக்கு மீசை கறுப்பு. உங்களுக்கு?"

"நரைச்சிடுச்சுங்க. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுங்களே."

"காரணம் கேட்கலை. ஆகவே, படத்தில் கண்ட கடை மேற்படி இடத்தில் காணப்படவில்லை."

"சார், இப்ப நீங்க சவரம் பண்ணிக்கிட்டது எந்தக் கடையில?"

ஆய்வாளர் கோப்பை மூடினார். "அது என் சொந்த விஷயம். இது ஆபீஸ் விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. கை நல்ல கை உங்களுக்கு. முப்பதாம் தேதிக்கு முன்னாடி இன்னொரு தடவை வர்றேன்."

சலூன்காரரின் மனைவி ஒரு தையல் கடைக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவர். ஊசியைப் போலவே வார்த்தையும் நேராக இறங்கும். அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "செத்தவர் நீங்க சாயங்காலம் வர்றப்போ பால் பாக்கெட் வாங்கிட்டு வந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் தானே நகராட்சிக்குப் போய் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். அதில் ஒரு சந்து இருந்தது. நினைவைச் சமர்ப்பித்தவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் படிவம் ஒன்பதில் கையெழுத்திட்டால் கடை பதிவேட்டிலிருந்து நீங்கி உயிர் பெறும்.

படம் போட்ட மேனேஜர், முப்பதாம் தேதி நடக்கும் கல் திறப்பு விழாவில் 'நினைவுச் செம்மல்' விருது வாங்க ஊருக்கு வருவதாக இருந்தார். இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் வந்து சேர்ந்தார். விருது வாங்கும் தலை ஒழுங்காக இருக்க வேண்டாமா? பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கண்ணில் பட்ட சலூனுக்குள் நுழைந்து உட்கார்ந்தார்.

சலூன்காரர் விழா நோட்டீஸில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். துணியைப் போர்த்தி, இரண்டு விரலால் தலையைச் சாய்த்து, இடது பக்கம் வெட்ட ஆரம்பித்தார். பாதி முடிந்தபோது மேனேஜரின் தோள் குலுங்கியது.

"அண்ணே, நீங்களா? நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேம்ப்பா. தலையை ஆட்டாதே."

மேனேஜர் கண்ணாடியைப் பார்த்தபடியே தாரைதாரையாக அழுதார். உண்மையான அழுகைதான், அதில் குறை சொல்ல முடியாது. அழுது ஓயட்டும் என்று காத்திருந்து சலூன்காரர் படிவம் ஒன்பதை நீட்டினார். மேனேஜர் படித்துப் பார்த்தார். கண்ணீர் நின்றுவிட்டது.

"அண்ணே, நாளைக்கு விருது. ஆணையர் கையால. இப்பப் போய் நீங்க இருக்கீங்கன்னு சொன்னா, ஐயாயிரம் பேர் அழுதாங்களே, அவங்க அழுகைக்கு என்னண்ணே மரியாதை?"

சலூன்காரர் சீப்பிலிருந்த முடியைத் தட்டிவிட்டார். பெஞ்சில் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"தம்பி, இடது பக்கம்தான் முடிஞ்சிருக்கு. வலது பக்கம் அப்படியே இருக்கு. வெட்டறதுக்கு இங்க கடையே இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அப்படியே எழுந்து போங்க."

மேனேஜர் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். நாளைக்கு எத்தனை போன்கள் தன்னைப் படம் எடுக்கும் என்று யோசித்தார். பேனா கேட்டார்.

அன்று சாயங்காலமே சலூன்காரரும் மனைவியும் நகராட்சிக்குப் போனார்கள். மனைவி வாசலில் நின்றுகொண்டார். எழுத்தர் அம்மா படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"சந்தோஷங்க. இதை ஏத்திட்டா நாளைக்குக் கல் கிடையாது, உரிமம் உண்டு. நினைவு ரத்தானா பதிவும் போயிடும். குழுவுல அந்தப் படமும் அதுக்கு வந்த இரங்கல் எண்ணூத்தி முப்பதும் அழிஞ்சிடும். அழிச்சிடட்டுமா?"

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

"அந்தக் காது வெட்டினதை எழுதினவரு?"

"அவரும்தான்."

சலூன்காரர் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எழுத்தர் அம்மா திரையை அவர் பக்கம் திருப்பினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். இன்றைக்கும் புதிதாக இருபது பேர் எழுதியிருந்தார்கள். 'இனி இப்படி ஒரு கலைஞன் பிறக்கப் போவதில்லை' என்று யாரோ வெளிநாட்டிலிருந்து எழுதியிருந்தார். கலைஞன். சலூன்காரர் அந்த வார்த்தையை இரண்டு தடவை படித்தார். நாளை உரிமம் கிடைத்துவிட்டால், ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்க வேண்டும். முதலில் வருகிறவர் சைடில் குறைக்கச் சொல்வார்.

"அம்மா, அந்தப் படிவத்தைக் கொஞ்சம் குடுங்க. நாளைக்கு வந்து தர்றேன்."

"நாளைக்குக் கல் நட்டுடுவாங்களே."

"தெரியும்மா" என்று வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வாசலில் மனைவி, "குடுத்தாச்சா?" என்றார். "ம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் மனைவியிடம் சொன்ன பொய்களில் இதுதான் சின்னது.

மறுநாள் காலை நகராட்சி ஆட்கள் வந்து நாற்காலிகளைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றியபோது மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அவர் கத்தவில்லை. "சரி, உங்க துக்கத்துக்கு நான் ஏன் நடுவுல?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

விழா சிறப்பாக நடந்தது. 'இங்கே ஒரு சலூன் இருந்தது' என்று பளிங்கில் பொன்னெழுத்து. அழகாக வெட்டிய தலையோடு மேனேஜர் விருது வாங்கினார். மறைந்த சலூனுக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி என்று அறிவித்ததும் முதலில் எழுந்து நின்றவர் சலூன்காரர்தான். அவரைப்போல அங்கே வேறு யாரும் அழவில்லை. எப்பேர்ப்பட்ட மனிதர் போய்விட்டார் என்று அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

விழா முடிந்ததும் ஆணையர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். போட்டோவுக்கு நிற்கும் முன் போனில் தன் முகத்தைப் பார்த்தவர் தாடையைத் தடவிக்கொண்டார். மூன்று நாள் முடி முள்ளாகக் குத்தியது. அருகில், கத்தரிக்கோல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டார்.

"ஏங்க, இங்க பக்கத்துல ஒரு நல்ல சலூன் இருக்கா?"

சலூன்காரர் பளிங்குக் கல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இருந்துச்சுங்க. அந்தக் கை இனிமே எங்க வரப்போகுது?"

ஆணையர் மனம் கனத்துத் தலையை ஆட்டினார்.

"நல்ல வேளை, கல்லாவது நட்டோம்" என்றார்.