ராகு காலத்துக்கு முன்னால் வந்த டீச்சர்

வேலைக்குச் சீக்கிரம் போய்க் கெட்டவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அது நான். (தினமும் லேட்டாகப் போகிறவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.)

அது 2006. டுசல்டோர்ஃபில் என் கணவருக்கு ஐ.டி. வேலை. எனக்கு, அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டும் வேலை. எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு மூன்று வருடம் கட்டினேன். அப்போதுதான் அங்கிருந்த ஒரு ஜப்பானியப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேடினார்கள். எந்த சாமி புண்ணியமோ, கிடைத்துவிட்டது. ஆனால் முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதில் கோட்டை விட்டால் மறுபடி டிபன் பாக்ஸ்தான்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டரைக்குச் சேர வேண்டும். செய்தி கேட்டதும் கும்பகோணத்திலிருந்து மாமியார் போனில் குண்டு போட்டார்.

"திங்கக்கிழமை ஏழரை ஒன்பது ராகு காலமாச்சே. ஏழரைக்கு முன்னாடியே வலது காலை வெச்சு உள்ள போயிடு."

"அங்க அந்நேரத்துக்கு யாரும் இருக்க மாட்டாங்க அத்தை."

"நீ இரு. வேலை நிலைக்கணுமா, வேண்டாமா?"

மூடநம்பிக்கை ஒழிக என்று கல்லூரியில் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவள் நான். (இரண்டாம் பரிசுதான். நடுவர்களுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கிறது.) திங்கட்கிழமை ஏழு இருபதுக்குப் பள்ளி வாசலில் நின்றேன்.

சாவி சிவா அண்ணையிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளியின் ஹவுஸ்மைஸ்டர், அதாவது வாசல் கதவிலிருந்து கக்கூஸ் குழாய் வரை அவர் பொறுப்பு. பள்ளிக்குப் பின்னாலேயே வீடு.

"என்ன தங்கச்சி, இவ்வளவு வெள்ளன வந்திட்டியள்?"

அசடு வழிந்துகொண்டே வலது காலை உள்ளே வைத்தேன்.

ஏழு நாற்பதுக்குத் துணைத் தலைமையாசிரியர் மொரிதா வந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. இடுப்பு வரை குனிந்து, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றார். பள்ளி தொடங்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

மறுநாள் ராகு காலம் மத்தியானம் மூன்றுக்குத்தான். சாவகாசமாகப் போயிருக்கலாம். ஆனால் முதல் நாள் மட்டும் படம் காட்டினாள் என்று நினைத்துவிட்டால்? அதே ஏழு இருபதுக்குப் போனேன். மொரிதா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இப்போது நான் குனிந்தேன்.

நேற்று சேர்ந்தவள் பெரியவருக்குப் பின்னால் வரலாமோ என்று புதன்கிழமை ஏழு மணிக்கே போனேன். ஐந்து நிமிடம் கழித்து மூச்சிரைக்க வந்து அவர் குனிந்தார். வியாழன் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார், நான் குனிந்தேன். வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்கு இருவரும் ஒரே நேரத்தில் வாசலில் போய் நின்று, ஒரே நேரத்தில் குனிந்தோம். மண்டை இடிக்காதது தெய்வச் செயல். லுங்கிக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்த சிவா அண்ணை கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் படுக்கப் போனார்.

"ஸ்கூல்ல ஷிஃப்ட் போட்டுட்டாங்களா?" என்று கணவர் வியாழன் இரவே கேட்டிருந்தார். ஜப்பான்காரங்க அப்படித்தான் என்றேன், என்னமோ ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி.

அந்த வெள்ளிக்கிழமைதான் தலைமையாசிரியர் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். கடைசி வரிசையில் அவரும் மொரிதாவும் உட்கார்ந்தார்கள். ஆங்கில உரையாடல் சிடி ஒன்றை ஓடவிட்டு, நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

விழித்தபோது சிடி முடிந்து எவ்வளவு நேரமோ ஆகியிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் எனக்கு மீசை வரைந்திருப்பார்கள். இந்தப் பாவிகள் டீச்சர் எழுந்துவிடக் கூடாதே என்று பென்சிலைக்கூடச் சத்தமில்லாமல் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் தலைமையாசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் சாய்ந்து மொரிதா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

போச்சு, டிபன் பாக்ஸ்தான் என்று தோன்றியது.

தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். காரணம் கேட்டபோது இருவரும் இன்னும் கொஞ்சம் குனிந்தோம். கடைசியில் சிவா அண்ணையை வரவழைத்து விசாரித்தார். அண்ணை ஐந்து நாள் ஆத்திரத்தையும் ஜெர்மனில் கொட்டித் தீர்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீங்கள் அவருக்காக வெள்ளன வாறியள். அவர் உங்களுக்காக வெள்ளன வாறார். உங்கள் ரெண்டு பேருக்காகவும் நான் எழும்ப வேண்டிக் கிடக்கு. இனி என்னால ஏலாது."

வேறு வழியில்லாமல் ராகு காலத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். (எம்.ஏ.வில் இது பாடத்தில் இல்லை.) தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. தன் மேசையிலிருந்த ஜப்பானிய நாட்காட்டியைத் திருப்பிக் காட்டினார். அதிலும் ஆகாத நாட்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஏழே முக்காலுக்கு முன்னால் இனி யாரும் வரக்கூடாது என்று மட்டும் சொல்லி, அதை எழுதி வாசலில் ஒட்ட வைத்தார். வேலை தப்பியது.

ஒட்டிக்கொண்டே சிவா அண்ணை கேட்டார். "மாமி எந்த ஊர்க் கலண்டர் பாத்தவ?"

"கும்பகோணம்."

"இஞ்ச சூரியன் வேற நேரத்திலயெல்லோ உதிக்குது. என்னட்ட ஊன்ட்றொப் அம்மன் கோயில்ல வாங்கின, ஜெர்மனி நேரத்துக்குக் கணிச்ச கலண்டர் கிடக்கு. அதில திங்கள் ராகு காலம் எட்டு இருபதில இருந்து பத்து வரைக்கும்."

எட்டரைக்குத் தொடங்கிய என் முதல் வகுப்பு முழுக்க ராகு காலத்தில்தான் நடந்திருக்கிறது. வகுப்பில் தூங்கியதையும் சேர்த்து அன்றே மாமியாரிடம் போனில் சொன்னேன்.

"அதான் தூங்கியிருக்கே," என்றார்.

அந்த வேலையில் பதினோரு வருடம் இருந்தேன். இன்றைக்கும் நான் விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னால் பெட்டியைத் தூக்கினால், கணவர் வாசலில் நின்று வழியை மறிப்பார்.

"கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி. சிவா அண்ணை எழும்பட்டும்."