ஏற்றத்தில் பிக்கப் இல்லை

"சைக்கிள் முந்தினப்ப சும்மா இருந்தேன். இப்ப தள்ளுவண்டி முந்துதுங்க!" என்றாள் மனைவி, எட்டு மாத வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு.

காரை ஓட்டிக்கொண்டிருந்த பிழைதிருத்துநர் இன்னும் அழுத்தி மிதித்தார். அச்சகத்தில் பிறர் விட்ட புள்ளியையும் கொம்பையும் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். சின்னக் கார் ஒன்று பழசாக வாங்கி நாலு மாதமாகிறது. சமதரையில் சமர்த்து. ஆஸ்பத்திரி ஏற்றத்தில் மட்டும், கொஞ்ச நாளாக, மூச்சு வாங்குகிறது. பிரசவத்துக்குப் பேர் பதிந்த ஆஸ்பத்திரியோ அந்த ஏற்றத்தின் உச்சியில்.

"வலி வந்த அன்னிக்கும் இப்படித்தான் போவீங்களா?"

"அடி தட்டுற வரைக்கும் மிதிக்கிறேன்மா. பிக்கப் இல்ல."

"நிதானமா போறது நல்லதுதானே அம்மாடி," என்றார் பின் சீட்டிலிருந்து மாமனார். மாமனார் தையல்காரர். மகளின் பிரசவத்துக்காகக் கடையைப் பூட்டி, தையல் மெஷினோடு வந்து தங்கியிருந்தார். பேரக்குழந்தைக்கு விரிப்பு, சட்டை, தொப்பி என்று பகலெல்லாம் மெஷின் ஓடும். சாயங்காலமானால் காரை உள்ளும் புறமும் துடைத்து வைப்பார். இப்படியொரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று அச்சகத்தில் எல்லோருக்கும் பொறாமை.

பிழைதிருத்துநர் நோட்டுப் போட்டார். தேதி, இடம், வேகம், முந்தியவர் யார் என்று கோடு போட்டுக் குறித்தார். நோட்டைப் பார்த்த முதல் பட்டறைக்காரர், "காத்து வடிகட்டி அடைச்சிருக்கு சார்," என்று புதுசு மாட்டினார். உள்ளே எண்ணெய்க் கால் படாமல் செய்தித்தாள் விரித்து, அவரே ஓட்டிக் காட்டினார். கார் சீறியது. ஒரு கைப்பிடி அளவு வடிகட்டிக் காகிதத்துக்குள் இவ்வளவு வேகம் ஒளிந்திருந்ததா என்று பிழைதிருத்துநர் வாய் பிளந்தார்.

"மாமா, இனிமே வண்டி பறக்கும்!"

"பறக்குமா?" என்றார் மாமனார், ஊசியில் நூல் கோத்தபடி.

மறுநாள் ஏற்றத்தில் தள்ளுவண்டியோடு, அதைத் தள்ளியவரின் பேச்சுத்துணையும் முந்திப் போனது.

இரண்டாவது பட்டறையில் ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினார்கள். அங்கேயும் சீறியது. வீட்டில் சேதி சொன்னார். மறுநாள் ஏற்றத்தில் நாய் ஒன்று காரோடு கூடவே நடந்து, சலித்துப்போய் முன்னே சென்றுவிட்டது. ஒரே ஆறுதல், காலுக்கு மெத்தென்று இருந்தது.

"எனக்கு ஒம்பதாம் மாசம் பொறந்தாச்சு. நான் இப்பவே நடக்க ஆரம்பிச்சா சரியா இருக்கும்," என்றாள் மனைவி. சிரிக்கத்தான் பார்த்தாள். கண் கலங்கியது. அன்றிரவு பிழைதிருத்துநர் சாப்பிடவில்லை.

ஏற்றத்தின் அடிவாரத்தில் பட்டறை வைத்திருந்தவரை எல்லோரும் காதுக்காரர் என்பார்கள். நோட்டை அவர் திறக்கவே இல்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்தார், பிடியைக் காதில் வைத்தார், கண்ணை மூடினார். பட்டறையே பேச்சை நிறுத்தியது. பிழைதிருத்துநரும் மூச்சை நிறுத்தினார்.

"ரெண்டாவது இன்ஜெக்டர் இருமுது," என்றார் காதுக்காரர்.

கழற்றி, கழுவி, மாட்டி, செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார். ஏற்றத்தின் உச்சியில் போய் நின்றபோது பிழைதிருத்துநரின் கண்ணில் நீர். "சார், இது கையா, மந்திரமா?"

"எல்லாம் காதுதான் சார்."

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். "மாமா! அம்பு மாதிரி போகுது!"

"அம்பு மாதிரியா?" மாமனாருக்கு வேர்த்தது. ஆனந்தம் போலும். அன்றைக்கு மெஷின் வெகுநேரம் ஓடியது.

நாலாம் நாள் காலை வலி கண்டது. மனைவி பின் சீட்டில் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏற்றம் வந்தது. பிழைதிருத்துநர் மிதித்தார். அடி தட்டியது. கார் நகர்ந்தது என்று சொல்வதற்கு நல்ல மனசு வேண்டும்.

"ஏங்க, சீக்கிரம்!"

"மிதிக்கிறேன்மா! நின்னுட்டு மிதிக்கலாம்னா கூரை இடிக்குது!"

பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த காதுக்காரர் பார்த்தார். கார் பக்கத்தில் சாவகாசமாக நடந்து வந்து கதவைத் தட்டினார். "நிறுத்துங்க சார். தள்ளி உக்காருங்க."

உள்ளே குனிந்தவர், பழக்கதோஷத்தில் கீழே கிடந்த கால்மிதியை உருவிப் பட்டறைப் பக்கம் எறிந்துவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் கார் போனது என்று சொல்லக்கூடாது, பறந்தது. மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உச்சியில் நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவரும்போது, மிதிக்கிற கால் மாறினால் வண்டியே மாறுமா என்று தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார் பிழைதிருத்துநர்.

மத்தியானம் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அந்தப் பிஞ்சு விரல் நுனியில் நகம்கூட இருப்பதைக் கண்டு பிழைதிருத்துநர் பத்தையும் சரிபார்த்தார். ஒரு பிழை இல்லை.

அப்போது காதுக்காரர் வந்தார், கக்கத்தில் கால்மிதியோடு. "சார், இதைத் தூக்கிப் பாருங்க."

செங்கல் கனம் கனத்தது. திருப்பினால், ரப்பருக்கு அடியில் கெட்டிக் கம்பளித் துணி நாலு அடுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்திருந்தது.

"இது அடியில இருந்ததால ஆக்ஸிலேட்டர் பெடல் பாதிகூட இறங்கல சார். பட்டறையில நாங்க எடுத்துட்டு ஓட்டறோம், அப்புறம் போட்டுக் குடுத்துடறோம். என் காதுக்கு இது கேக்கல!" அவர் குரல் தாழ்ந்தது. "ஆனா தையலைப் பாருங்க சார். ஒரு பிசிறு இல்ல. இந்தப் பக்கம் வளைவு வெட்டி, சுத்தி மஞ்சள் பட்டி வெச்சிருக்கான் பாருங்க. எந்தக் கம்பெனி மால் இது?"

"பழைய ஓனர் வேலையா இருக்கும்," என்றார் பிழைதிருத்துநர்.

மஞ்சள் பட்டி வைத்த விரிப்பில் பேத்தியை ஏந்தியிருந்த மாமனார், நிமிராமலே சொன்னார்:

"அந்த வளைவு பிரேக்குக்கு மாப்பிள்ளை. அது மட்டும் முழுசா இறங்கணுமில்ல?"